சாயம் இருக்கு, வாசம் இல்லை

ஜூன் 9, திங்கள்

அங்கமுத்து பத்துக் கிலோ தூளைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். கடை திறந்து இருபத்தொரு வருஷத்தில் என் டீத்தூள் திரும்பி வந்தது இதுதான் முதல் தடவை.

ஆட்டோவில் மூட்டை வந்து இறங்கியது. பின்னாலேயே அவரும் இறங்கினார். பஸ் ஸ்டாண்டு எதிரில் டீக்கடை வைத்திருப்பவர். ஒரு நாளைக்கு எண்ணூறு டீ ஓடும்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. சாயம் இருக்குதுங். வாசம் இல்லீங். ஒரு வாய் குடிச்சதும் ஆளு கிளாசைத் தூக்கிப் பாக்கறான். நான் என்ன பண்றதுங்?"

"குன்னூர்ப் பக்கம் மழை சாஸ்தி. இலை தண்ணியா வருது. நாலு நாள் பொறுங்க" என்றேன். வேறு மூட்டை கொடுத்தனுப்பினேன். முகம் கோணாமல் வாங்கிக்கொண்டார். ஆனால் மூட்டை வாயைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஏற்றினார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்று தூள் கலப்பேன். ஒன்று சாயத்துக்கு, ஒன்று திடத்துக்கு, ஒன்று வாசத்துக்கு. எவ்வளவுக்கு எவ்வளவு என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு தடவை வருகிற மூட்டையும் வேறு மாதிரி இருக்கும் என்பதால் எழுதியும் பிரயோஜனமில்லை. காலையில் பீங்கான் கப்பில் ஊற்றி, உறிஞ்சிப் பார்த்து, துப்பி, கடையில் வேலை பார்க்கிற மாரக்காளிடம் "இதில் ரெண்டு, அதில் ஒண்ணு" என்று சொல்லுவேன். அவள் அள்ளிப்போடுவாள். மேட்டுப்பாளையத்தைச் சுற்றி நூற்று நாற்பது டீக்கடை என் நாக்கை நம்பி அடுப்புப் பற்றவைக்கிறது. துணிப்பையில் பொட்டலம் போட்டு வீடு வீடாக விற்றவள் நான். நாக்கு ஒன்றுதான் முதல். அது போனால் 'தெய்வா டீ' என்பது வெறும் தகர போர்டு.

சித்திரைக் கடைசியில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு எனக்கே எதுவும் ருசிக்கவில்லை. அதுவும் இந்த மழையால்தான் இருக்கும்.

சாயந்திரம் வசந்தாமணி இரண்டு பையோடு வந்து இறங்கினாள். என் வீட்டுக்காரருடைய தங்கச்சி. புருஷன் போய் ஆறு வருஷம், குழந்தை இல்லை. குன்னூரில் ஒரு டீ ஃபேக்டரியில் ருசி பார்க்கிற அறையில் பதினாலு வருஷம் வேலை. கப் கழுவப் போனவள், கடைசியில் கப்பில் இருப்பதைச் சொல்கிறவளாகிவிட்டாள். ஃபேக்டரியை மூடிவிட்டார்களாம்.

"பத்து நாள் இருந்துட்டுப் போறனுங் நங்கை" என்றாள். அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

இந்த டைரி பார்சல் ஆபீசில் கொடுத்தது. தினமும் எழுத நேரமில்லை. எழுதினால் பொய் எழுதுவதில்லை.

ஜூன் 11, புதன்

வசந்தா ஒரு தகர டப்பாவில் கிரீன் டீ கொண்டுவந்திருக்கிறாள். காலையில் அண்ணனுக்கு ஒரு டம்ளர் போட்டுக் கொடுத்தாள். மங்கின மஞ்சள், கொஞ்சம் பச்சை. விருந்தில் கை கழுவக் கொடுக்கிற எலுமிச்சைத் தண்ணீர் போல இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். இருபத்தாறு வருஷமாக என் டீயைப் பேப்பர் படித்துக்கொண்டுதான் குடித்திருக்கிறார்.

அவள் கோயிலுக்குப் போன நேரத்தில், அப்படி என்ன பெரிய வித்தை என்று நானே போட்டேன். இரண்டு ஸ்பூன் இலை. நன்றாகப் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு, பால் ஊற்றி, இஞ்சி தட்டிப் போட்டு, ஆற்றிக் கொடுத்தேன். அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் சீனி இல்லை.

ஒரு வாய் குடித்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

"ஏம்புள்ள, இதுல என்ன போட்ட?"

"உங்க தங்கச்சி டீதானுங்."

அவர் டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டார். எனக்கு வைராக்கியம் வந்துவிட்டது. என் டம்ளரை நின்றபடியே கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

வசந்தா திரும்பி வந்து பாத்திரத்தைப் பார்த்தாள். முகர்ந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நங்கை, இதையா குடிச்சீங்க?"

"முழுசாக் குடிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு."

"பால் திரிஞ்சு கெடக்குதுங். வேப்பங்கொழுந்து மாதிரிக் கசக்குமே."

அண்ணனும் தங்கச்சியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எதற்கென்று தெரியவில்லை. அவர்களுக்குள் ஆயிரம் இருக்கும்.

ஜூன் 15, ஞாயிறு

இவருக்கு இப்போது வாய் ஓயவில்லை. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நடக்கப் போகிறவர்களிடமெல்லாம் கிரீன் டீ பெருமை. கொழுப்பு கரையும், ரத்தக்கொதிப்பு இறங்கும், இதயத்துக்கு நல்லது, பல்லுக்கு நல்லது, வாய் நாற்றம் போகும், வயசு தெரியாது. அதையே வீட்டிலும் ஒப்பித்தார்.

"வயசு தெரியாதுன்னா ரேஷன் கார்டுல மாத்திக் கொடுப்பாங்களா?" என்று கேட்டேன்.

வசந்தா சிரித்தாள். "அண்ணா, நீங்க சொல்றதுல பாதிதானுங் நெசம். இது மருந்தில்லீங். சீனியும் பாலும் போட்ட டீ நாலு குடிக்கற எடத்துல இது ரெண்டு குடிச்சா அந்தச் சீனி உள்ள போகாது, அதுவே பெரிய லாபம். கொழுப்பு கொஞ்சம் எறங்கும்னு டாக்டருங்களே சொல்றாங்க. ஆனா மாத்திரைய நிறுத்தீறாதீங்க. வெறும் வயித்துல வேண்டாம், பெரட்டும். ராத்திரி குடிச்சா தூக்கம் வராது."

வியாபாரியாகச் சொல்கிறேன், அவள் பேசுவது சரக்கு விற்கிற பேச்சே இல்லை. பாதி குறையைத் தானே சொல்கிறாள். ஆனால் அதைக் கேட்டுவிட்டுத்தான் எதிர்வீட்டு டீச்சர் இரண்டு பொட்டலம் கேட்டு வாங்கிப் போனார். இருபத்தொரு வருஷம் கடை வைத்த எனக்கு இது தெரியாமல் போயிற்றே என்று கொஞ்ச நேரம் இருந்தது.

பத்து நாளில் ஆறு நாள் கழிந்திருக்கிறது. எண்ணிக்கொண்டிருக்கவில்லை. தெரிந்தது, எழுதினேன்.

ஜூன் 19, வியாழன்

ஃபிரிட்ஜைத் திறந்தால் ஒரு கிண்ணத்தில் ஈரம் காய்ந்த இலை. குடித்து மிஞ்சின கிரீன் டீ சக்கை.

"எதுக்கு இது?"

"கருவாட்டு வாசத்துக்குங் நங்கை. நாலு நாளா கெடக்குதுல்ல. சக்கையைக் காய வெச்சு உள்ள வெச்சா நாத்தத்தை இழுத்துக்கும்."

"கருவாடா? யாரு வெச்சது?"

"நீங்கதானுங்" என்றாள் மெதுவாக.

வைத்தேன்தான். ஞாயிற்றுக்கிழமை. மறந்துவிட்டேன். இந்த நாலு நாளும் ஒரு நாளைக்குப் பத்து தடவை அந்தக் கதவைத் திறந்திருக்கிறேன். ஜலதோஷம் இன்னும் விடவில்லை போலிருக்கிறது.

இவர் ஷூவுக்குள் ஒரு சின்னத் துணிமுடிச்சு, அதற்குள்ளும் சக்கை. ஆறின டீ தண்ணீர் ரோஜாத் தொட்டிக்கு. மீன் கழுவின கைக்கு ஈர இலையைத் தேய்ப்பது. டீச்சர் வீட்டுப் பெண் பரீட்சைக்குக் கண்விழித்துப் படித்ததில் கண் வீங்கியிருந்தது. குளிர வைத்த டீ பையை இரண்டு கண்ணிலும் வைத்து, அவளை எங்கள் கூடத்தில் படுக்கவைத்திருக்கிறாள். மதியம் நான் சாப்பிட வந்தபோது என் வீட்டுக் கூடத்தில் யாரோ ஒரு பெண் கண்ணில் டீ பையோடு படுத்திருக்கிறாள். அடுப்படியில் மூன்று பெண்கள். "வசந்தாக்கா, வசந்தாக்கா" என்று ஒரே பாட்டு.

நான் சாப்பிட்டேனா என்று கேட்க ஆளில்லை. போட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

ஜூன் 23, திங்கள்

காரமடை ரோட்டில் இரண்டு கடைகள் தூளை மாற்றிவிட்டன. காரமடைத் தங்கத்துரையிடம் வாங்குகிறார்களாம். அவன் என்னிடம் பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தவன். அவன் தூளில் ஒரு பாக்கெட் வாங்கிக் கடையில் வைத்தேன்.

கலவையை மூன்று தடவை மாற்றினேன். வாசத் தூளைக் கூட்டினேன், குறைத்தேன், மறுபடி கூட்டினேன். உறிஞ்சினால் சூடு தெரிகிறது. துவர்ப்புத் தெரிகிறது. மற்றது...

ஜூன் 24, செவ்வாய்

வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டேன். கண் எரிந்தது. அவ்வளவுதான்.

ஜூன் 27, வெள்ளி

"சும்மாதான உக்காந்திருக்கறா, கடைக்குக் கூட்டிட்டுப் போ" என்று இவர் சொன்னதால் வசந்தாவைக் கூட்டிப்போனேன். பத்து நாள் என்றது பதினெட்டு ஆகிறது.

காலையில் கப்புகளை வரிசையாக வைத்திருந்தேன். கேட்காமலே ஒரு ஸ்பூனை எடுத்து உறிஞ்சினாள். கடையே திரும்பிப் பார்க்கிற சத்தம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"இது மழைக்கு முந்தின கொழுந்துங். நல்லா இருக்குது. இதுல புகை ஏறியிருக்குது, அடுப்புல எங்கியோ ஒழுக்கு. இது... கோணி வாசமுங். மூட்டை நனைஞ்சு காஞ்சிருக்கோணும்."

மாரக்காள் ஓடிப்போய் மூன்றாவது மூட்டையைப் புரட்டினாள். அடியில் தண்ணீர்க் கறை இருந்தது.

"அம்மிணி சொன்னாப்பலயே இருக்குதுங்க்கா" என்று அவள் கூவியது எனக்குக் காதில் ஈயத்தை ஊற்றினது போல இருந்தது. பதினாறு வருஷமாக என்னிடம் வேலை பார்க்கிறவள். எனக்கு இப்படி ஒரு தடவையும் கூவினதில்லை.

"நானும் பாத்தேன். ஒதுக்கி வெக்கலாம்னுதான் இருந்தேன்" என்றேன்.

ருசி பார்க்கிற மேஜைக்கு ஒரு நாற்காலிதான் உண்டு. அதில் நான் எழவில்லை. அவள் நின்றுகொண்டே இருந்தாள். கால் வலித்திருக்கும். வலிக்கட்டும் என்றுதான் இருந்தது.

மாரக்காளுக்கு ரத்தம் கம்மி, மாத்திரை சாப்பிடுகிறாள். சோற்றோடு டீ குடிக்காதே, இரும்புச்சத்து ஒட்டாது, ஒரு மணி நேரம் விட்டுக் குடி என்று வசந்தா அவளுக்குச் சொன்னாள். டீ விற்கிற கடையில் நின்றுகொண்டு டீ குடிக்காதே என்கிறாள். அதற்கும் மாரக்காள் தலையாட்டினாள்.

ஜூலை 2, புதன்

பை வாங்கக் கோயமுத்தூர் போவதாகச் சொல்லிவிட்டுப் போனேன். பையும் வாங்கினேன்.

டாக்டர் கண்ணை மூடச் சொன்னார். நாலு குப்பியை ஒவ்வொன்றாக மூக்கடியில் காட்டினார். நாலும் ஒன்றுதான். திறந்து பார்த்தால் காப்பித்தூள், கிராம்பு, எலுமிச்சை, மண்ணெண்ணெய்.

"காய்ச்சல்ல மூக்கு நரம்பு கெட்டிருக்குதும்மா. நாக்குல உப்பு, புளிப்பு, கசப்பு தெரியும். மத்ததெல்லாம் மூக்கு பண்ற வேலை. ஆறு மாசத்துலயும் வரலாம், ரெண்டு வருஷமும் ஆகலாம். வராமயும் போகலாம். காப்பி, கிராம்புன்னு தினமும் நாலு சாமானை மோந்து பழகுங்க."

"கசப்புத் தெரியும்னு சொல்றீங்க. போன மாசம் ஒரு டம்ளர் வேப்பங்கொழுந்து மாதிரிக் கசந்த டீயக் குடிச்சிருக்கறன்."

"தெரியலியா?"

"தெரிஞ்சுது. சொன்னா அவ ஜெயிச்ச மாதிரி ஆயிருமேன்னு குடிச்சேன்."

டாக்டர் என்ன நினைத்தாரோ, மருந்துச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தொழில் பண்றீங்க?" என்று கேட்டார். மளிகை என்று சொல்லிவிட்டேன்.

இது யாருக்கும் தெரியக்கூடாது. மார்க்கெட் ரோட்டில் தெரிந்தால் ஒரு வாரத்தில் நூற்று நாற்பது கடையும் தங்கத்துரையிடம் போய்விடும்.

ஜூலை 8, செவ்வாய்

அங்கமுத்து வந்தார். "அக்கா, பழைய தூளு வந்துருச்சுங். நேத்து ஒருத்தன் ரெண்டு வாட்டி வாங்கிக் குடிச்சான்" என்றார். இருபது கிலோ கூடக் கேட்டார். காரமடை ரோட்டுக் கடைகளில் ஒன்று மறுபடி என்னிடமே வந்துவிட்டது.

நான் கையால்தான் கலந்தேன். நிறம், துகள், விரலில் உருட்டினால் வருகிற கனம். மூக்கு இல்லாமலே சரியாக வந்திருக்கிறது. இருபத்தொரு வருஷ அனுபவம் என்பது சும்மா இல்லை. மூக்கெல்லாம் கப் கழுவினவர்களுக்குத்தான் வேண்டும்.

சந்தோஷத்தில் வசந்தாவுக்கு ஒரு சேலை எடுத்தேன். அப்படியே குன்னூரில் தெரிந்த புரோக்கரிடம் பேசி, இன்னொரு ஃபேக்டரியில் அவளுக்கு வேலைக்குச் சொல்லி வைத்தேன். அவளிடம் சொன்னதும் சேலையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"எப்பப் போகோணுங் நங்கை?"

"உனக்கு எப்பத் தோதோ அப்ப. இந்த மாசக் கடைசிக்குள்ள."

இவர் இரவு என்னோடு பேசவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

நடக்கப் போகிற ஆட்கள் ஏழு பேர் காலையில் வீட்டு வாசலில். ரிட்டையர்டு தாசில்தார்கூட வந்திருந்தார். வசந்தா ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்து, இறக்கி, மூன்று நிமிஷம் ஆறவிட்டு, பிறகு இலையைப் போட்டாள். "கொதிக்கறப்பவே போட்டா இலை வெந்துருமுங். கீரை வேற, டீ வேற." எல்லாரும் சிரித்தார்கள்.

தாசில்தார் டம்ளரை மூக்கருகே வைத்து, "வைக்கோல் மாதிரி... இல்ல, சோளக்கதிர் மாதிரி" என்றார். "அதேதானுங்" என்றாள் அவள். இன்னொருத்தர் பச்சைப் பட்டாணி என்றார். ஆளாளுக்கு ஒரு வாசனை. என் வீட்டு வாசலில் ஏழு ஆம்பிளைகளுக்கு மூக்கு இருக்கிறது.

நான் உள்ளே போய்க் கிராம்பு டப்பாவைத் திறந்து முகர்ந்தேன்.

ஜூலை 17, வியாழன். ஆடி ஒண்ணு

மதியம் சாப்பிட்டுவிட்டுப் பத்து நிமிஷம் கண்ணயர்வது வழக்கம். இன்று தூக்கம் வரவில்லை. இரண்டரைக்கு வருகிறவள் இரண்டுக்கே கடைக்குப் போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வெளியே மாரக்காள் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "அக்கா வந்துட்டீங்களா" என்று பக்கத்துக் கடை வரை கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

குனிந்து உள்ளே போனேன். காலையில் நான் கலந்து வைத்த டிரம்முக்கு முன்னால் வசந்தா, கையில் முறத்தோடு. பக்கத்தில் மூன்று கப். வாசத் தூள் மூட்டை திறந்திருந்தது.

"எத்தனை நாளா?"

"பதினஞ்சு நாளுங் நங்கை."

அங்கமுத்துவின் பழைய தூள் எப்படித் திரும்பி வந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

"யாரு சொன்னது?"

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். ஷட்டருக்கு அடியில் குனிந்து மாரக்காள்தான் சொன்னாள். "அண்ணன்தானுங்க்கா. அந்தத் திரிஞ்ச பால் டீயக் குடிச்சீங்களாமா, அன்னிக்கே கண்டுபுடிச்சுட்டாராமுங். அக்கா மனசு சங்கடப்படாம பாத்துக்கோன்னு..."

எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. நான் கோயமுத்தூருக்கு ஒளிந்து போய் வந்ததுதான் மிச்சம்.

ஷட்டரை முழுசாக இறக்கச் சொன்னேன். வசந்தாவை என் நாற்காலியில் உட்கார வைத்தேன். அவள் பயந்துதான் உட்கார்ந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு ஐந்து கப் வைத்தேன். ஐந்தும் ஒரே நிறம் வருகிற மாதிரிப் பார்த்துப் பார்த்து வைத்தேன். திருடனைப் பிடிக்கிற மாதிரி இருந்தது எனக்கு.

உறிஞ்சினாள். "ஒண்ணாவது, காலைல நீங்க கலந்தது. ரெண்டாவது, நான் மாத்தினதுக்கு அப்புறம். மூணாவது அங்கமுத்து அண்ணன் திருப்பித் தந்ததுங்." நாலுக்கு வந்தாள், ஐந்துக்குப் போனாள், மறுபடி நாலுக்கு வந்தாள். "இது ரெண்டும் ஒண்ணுதானுங். தங்கத்துரை பாக்கெட்டு. எதுக்குங் நங்கை ரெண்டு வாட்டி வெச்சீங்க?"

அவளைத் தப்பாகச் சொல்லவைக்கத்தான் வைத்தேன். அதை எப்படிச் சொல்வது.

இந்த டைரியில் பொய் எழுதுவதில்லை என்று எழுதியிருக்கிறேன். ஆகவே எழுதுகிறேன். அவள் மூக்கு எனக்கு வேண்டும். அவள் வேண்டாம். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதுதான் சிக்கல்.

ஜூலை 18, வெள்ளி

கடைக்குப் போகவில்லை. அவள் போனாள். நான்தான் சாவியை ஜன்னலில் வைத்தேன். கையில் கொடுக்கவில்லை.

ஜூலை 21, திங்கள்

மாரக்காள் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனாள். தங்கத்துரை இரண்டு தடவை வசந்தாவைப் பார்க்க வந்திருக்கிறான். மாசம் இருபதாயிரம், அவன் குடோன் மாடியில் தனி வீடு. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்கிறேன் என்றாளாம்.

"எங்கிட்ட ஏன் இத்தனை நாளாச் சொல்லல?"

"நீங்கதான் அம்மிணியக் குன்னூருக்கு அனுப்பறீங்களே. குன்னூரா இருந்தா என்ன, காரமடையா இருந்தா என்னன்னு இருந்துட்டனுங்."

அவள் சொன்னதில் தப்பில்லை. நான் வீட்டை விட்டு அனுப்புகிறவளைத்தான் அவன் கடைக்குக் கூப்பிடுகிறான். என் கலவை அவள் மூக்கில் இருக்கிறது. அவள் அங்கே போய் ஒரு காலை உறிஞ்சிப் பார்த்தால் போதும், மத்தியானத்துக்குள் தெய்வா டீ காரமடையில் தயாராகிவிடும்.

பொறாமைக்குச் செலவு பண்ண இவ்வளவு பெரிய முதல் என்னிடம் இல்லை.

ஜூலை 23, புதன்

காலை ஆறரைக்கு அடுப்படியில் வசந்தா தனியாக இருந்தாள். போய் உட்கார்ந்தேன். இவர் கூடத்தில் பேப்பரை விரித்துக்கொண்டார். பக்கமே திருப்பவில்லை, காது மட்டும் இங்கே.

"எனக்கும் ஒரு டம்ளர் போடு அம்மிணி."

தண்ணீரை ஆறவிட்டு, இலை போட்டு, வடிகட்டிக் கொடுத்தாள். குடித்தேன்.

"என்ன தெரியுதுங்?"

"சூடு."

"அப்பறம்?"

"ஒண்ணுமில்ல." இன்னொரு வாய் குடித்துவிட்டு, "ஈறு லேசா இழுக்குது" என்றேன்.

அவள் இன்னொரு டம்ளர் போட்டாள். குடித்தேன். "இது இலைய அதிக நேரம் விட்டுட்ட. நாக்கு நடுவுல உப்புத்தாள் தேச்ச மாதிரி இருக்குது. ஒரு நிமிஷம் கூட விட்டிருப்ப."

"ஒண்ணே கால் நிமிஷமுங்."

இன்னும் இரண்டு போட்டாள். இரண்டையும் சரியாகச் சொன்னேன். வசந்தாவின் முகத்தில் சிரிப்பு வந்தது. அதைப் பார்த்து எனக்கு எரிச்சல் வராதது ஆச்சரியமாக இருந்தது.

"ஈறை இழுக்கற கடுப்பை மூக்கு பாக்கறதில்லீங் நங்கை. அது ஈறும் நாக்கும் தொட்டுப் பாக்கறது. பால் டீயில அது அமுங்கிப் போகும். இதுல பால் இல்ல, சீனி இல்ல, அதான் உங்களுக்குப் பளிச்சுன்னு தெரியுது. சாயம் கண்ணு, கடுப்பு ஈறு, வாசம் மூக்கு. உங்களுக்கு மூணுல ரெண்டு அப்படியேதான் இருக்குதுங். ஒண்ணுதான் இல்ல."

"அந்த ஒண்ணுதான் உங்கிட்ட இருக்குது."

"ஆமாங்."

"தங்கத்துரை இருபதாயிரம் சொன்னானாம்."

"மாரக்கா சொல்லுச்சுங்களா?"

"சொன்னா."

"சொல்லட்டும்னுதானுங் அதுகிட்டச் சொன்னேன்" என்றாள், டம்ளரைக் கழுவிக்கொண்டே.

நான் அவளை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். ஒன்றரை மாசமாக என் வீட்டில் ஒரு வியாபாரி இருந்திருக்கிறாள். இதுவும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் இந்தப் பொறாமை பழக்கமானது. மார்க்கெட்டில் தினமும் படுவது. இதை வைத்துக்கொண்டு வேலை பார்க்கத் தெரியும்.

"இருபத்திரெண்டாயிரம் தர்றேன்."

"சம்பளம் வேண்டாமுங். பங்கு."

கூடத்தில் பேப்பர் சத்தம் நின்றது. இவர் முன்னால் பேரம் பேசினால் நடுவில் வந்து நியாயம் சொல்லுவார், இரண்டு பேருக்கும் கெட்டுப்போகும். என் மாமனார் மாட்டுச் சந்தையில் தரகர். விலை பேசுகிறபோது கைமேல் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள், பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது. மருமகளுக்கு அவர் அதைச் சொல்லிக்கொடுத்திருந்தார். மகளுக்குத் தெரியாமலா இருக்கும். முந்தானையை எடுத்து எங்கள் இரண்டு பேர் கைமேலும் போட்டேன். அவளுக்குக் கண்ணில் ஒரு வெளிச்சம்.

ஒரு விரல், நூற்றுக்குப் பத்து. அவள் சுட்டுவிரலைப் பிடித்தேன். தலையாட்டாமல் என் நாலு விரலையும் சேர்த்துப் பிடித்தாள். இரண்டைப் பிடித்தேன். நாலையே பிடித்துக்கொண்டிருந்தாள். கை ஈரமாக, சூடாக இருந்தது. நான் இரண்டோடு இன்னொன்றைப் பாதியில் மடக்கினேன், இருபத்தைந்து. அவள் சுண்டுவிரலை விட்டாள். மூன்று. நானும் மூன்றைப் பிடித்தேன்.

"என்னங்கடி பண்றீங்க அங்க?" என்று இவர் கேட்டார்.

"ஒண்ணுமில்லீங். கை வலிக்குதுன்னு அமுக்கி விடறா."

பிறகு வாய்விட்டே மற்றதைப் பேசினோம். கலவை இரண்டு பேரும் பார்த்துத்தான் டிரம்முக்குப் போகும். ஒருத்தி வேண்டாமென்றால் போகாது. ருசி மேஜைக்கு இன்னொரு நாற்காலி. கிரீன் டீ அவளுடையது, அவள் பெயரில் தனிப் பொட்டலம், அதில் எனக்குப் பத்து. பொட்டலத்தில் நோய் தீரும் என்று ஒரு வரியும் போடக்கூடாது. இது அவள் போட்ட நிபந்தனை. அவளுடைய அந்தப் பேச்சு என் பேச்சைவிட நன்றாக விற்கும் என்பதால் ஒப்புக்கொண்டேன். மூக்கு விஷயம் நாலு பேரைத் தாண்டக் கூடாது. இது நான் போட்டது.

கடைசியாக ஒன்று கேட்டேன். "நாளைக்கு என் மூக்கு திரும்பி வந்துட்டா?"

"வரோணுமுங் நங்கை. தினமும் கிராம்பு மோந்து பாக்கறீங்கன்னு தெரியும்" என்றாள். "வந்தாலும் முப்பதுதானுங். அதையும் எழுதீருங்க."

எழுதிவிட்டேன். ஆகஸ்ட் ஒண்ணிலிருந்து, தெய்வா டீ லாபத்தில் நூற்றுக்கு முப்பது வசந்தாமணிக்கு. மூக்கு வந்தாலும் முப்பது.